மூன்று நாள் லீவுக்கு எந்தத் திருவிழா?

சென்னையில் இருக்கும் தங்கச்சி போன வாரம் போன் போட்டாள். "அண்ணே, இந்த வருசம் ஒரு தடவைதான் ஊருக்கு வர முடியும் போல. மூணு நாள் லீவு. பிள்ளைகளுக்கு நம்ம பக்கத்துத் திருவிழா ஒண்ணு காட்டணும். எதுக்கு வரட்டும்?"

"ஆடி அமாவாசைக்கு வா, ராமேஸ்வரம் போவோம்" என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, காலண்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ராமநாதபுரத்துக்காரனிடம் திருவிழா எது என்று கேட்டால் பத்துப் பெயர் வரும். தொண்டி பக்கத்தில் ஆரம்பித்து தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி என்று கடற்கரையோடு போனால் கோயிலும் தர்காவும் மாதா கோயிலும் மாறி மாறி வரும். ஆனால் எல்லாத் திருவிழாவும் எல்லாருக்கும் ஆகாது.

யார் வருகிறார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். தங்கச்சிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் ஒன்பதாம் வகுப்பு, சின்னவள் இரண்டாம் வகுப்பு. சின்னவளுக்கு ராட்டினமும் பஞ்சுமிட்டாயும் இருந்தால்தான் அது திருவிழா. மாப்பிள்ளைக்கு மார்ச் மாதம் கணக்கு முடிக்கிற வேலை, அப்போது லீவு என்ற பேச்சே கிடையாது. என்னோடு இருக்கும் அம்மாவுக்கு முழங்கால் வலி. அரைமணி நேரத்துக்கு மேல் நிற்க முடியாது, ஆனால் விட்டுவிட்டுப் போனால் ஒரு வாரத்துக்குப் பேச மாட்டாள்.

அப்புறம் ரயில். இப்போதெல்லாம் 60 நாளைக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது. அதனால் 60 நாளைக்கு முன்பே தேதி தெரிகிற திருவிழாவா என்பதும் ஒரு கேள்வி. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் பாதித் திருவிழாக்கள் இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகின்றன.

ராமேஸ்வரத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறேன், வெளியூரார் எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். ஆடித் திருக்கல்யாணம் மொத்தம் 17 நாள். அதற்குள் ஆடி அமாவாசையும் வந்துவிடும். அமாவாசையன்று அக்னி தீர்த்தக் கரையில் தர்ப்பணம் கொடுக்க லட்சக்கணக்கில் கூடுவார்கள். வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள், அங்கிருந்து நடை. கடலில் மூழ்கி எழுந்து, ஈரத் துணியோடு கோயிலுக்குள் போய் 22 தீர்த்தத்திலும் வாளி வாளியாகத் தண்ணீர் வாங்கிக்கொண்டு, துணி மாற்றி, அப்புறம் சாமி கும்பிட வரிசை. பிரகாரம் முழுக்க ஈரக் கல். ஆயிரத்துச் சொச்சம் தூண்கள் கொண்ட அந்த மூன்றாம் பிரகாரத்தைச் சாதாரண நாளில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு நீளம் என்று. அமாவாசையன்று முன்னால் நிற்பவர் முதுகுதான் தெரியும்.

சில வருடத்துக்கு முன்னால் நானே மாட்டிக்கொண்டேன். போனில் ஒரு வாடகை சொன்ன விடுதிக்காரர், நேரில் போய் நின்றதும் இரண்டு மடங்கு கேட்டார். அம்மா ஏற்கெனவே வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொடுத்துத்தான் ஆக வேண்டும். அன்று சாயங்காலம் தேரடியில் நின்று டீ குடித்தபோது, திருவிழா பார்த்தேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வரிசை பார்த்தேன், அவ்வளவுதான்.

அதற்காக ஆடிக்கு ராமேஸ்வரம் போகக்கூடாது என்று சொல்லவில்லை. அமாவாசையை விட்டுவிட்டு, தேரோட்டத்துக்கோ தபசுக்கோ திருக்கல்யாணத்துக்கோ போனால் ஊர்க்காரர்களோடு நிற்கலாம். பர்வதவர்த்தினி அம்பாள் வீதி வருவதைப் பார்க்கத் திண்ணையில் இடம் போட்டுக் கொடுப்பார்கள். ஒன்று மட்டும் கவனம்: சாமி வெளியே மண்டகப்படிக்குப் போகிற நாளில் பகலில் கோயில் நடை சாத்தியிருப்பார்கள். அன்றைக்குத் தீர்த்தமாட வந்தவர்கள் வாசலில் நின்று முழிப்பதை வருடா வருடம் பார்க்கிறேன்.

தர்ப்பணம்தான் காரணம் என்றால் அதற்கு ராமேஸ்வரம்தான் வேண்டும் என்பதில்லை. அப்பாவுக்கு நான் கொடுப்பது சேதுக்கரையில். திருப்புல்லாணியிலிருந்து நாலு கிலோமீட்டர்தான். ஆனால் சேதுக்கரை தென்கடல் பக்கம். ஆடி மாதம் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது அங்கே அலை ஆளைத் தள்ளும். அம்மா மாதிரி காலில் பலம் இல்லாதவர்களுக்குத் தேவிபட்டினம் நல்லது. அது வடகடல். காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிப்பதால் தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும். கடலுக்குள் ஒன்பது கல்லாக நிற்கும் நவபாஷாணத்தைச் சுற்றி வர நடைமேடை போட்டிருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வந்ததும் இது அப்படியே தலைகீழாகிவிடும், வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கும். இங்கே எந்த மாதம் எந்தக் கரை என்பதைக் காற்றுதான் சொல்லும். சரி, தங்கச்சி பிள்ளைகளுக்கு ஆடியில் பள்ளிக்கூடமும் உண்டு. ராமேஸ்வரத்தை அடித்துவிட்டேன்.

மூத்தவன் கேட்டது கச்சத்தீவு. செய்தியில் பார்த்திருக்கிறான், படகில் போக வேண்டும் என்று ஆசை. எனக்கும் அந்தத் திருவிழாவின் மேல் தனிப் பிரியம் உண்டு. ஆள் குடியிருக்காத தீவு, 285 ஏக்கர். குடிக்கத் தண்ணீர் கிடையாது. அங்கே அந்தோணியாருக்கு ஒரு கோயில். கடலுக்குப் போகிறவர்களுக்கு அந்தோணியார்தான் துணை. முதல் கோயிலை இந்தக் கரையில் இருக்கும் நம்புதாளைக்காரர் சீனிக்குப்பன் படையாட்சி கட்டியதாகச் சொல்வார்கள். இப்போது இருக்கும் புதிய கோயில் இலங்கைக் கடற்படை கட்டி 2016 டிசம்பரில் திறந்தது. 1974 ஒப்பந்தத்தில் தீவு இலங்கைக்குப் போனாலும், நம் பக்கத்துப் பக்தர்கள் பாஸ்போர்ட், விசா இல்லாமல் திருவிழாவுக்குப் போய்வரலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

மாசி மாதம், வெள்ளிக்கிழமை போய்ச் சனிக்கிழமை திரும்புவது. முதல் நாள் சாயங்காலம் கொடியேற்றம், சிலுவைப்பாதை, இரவு தேர்ப்பவனி. மறுநாள் காலையில் பூசை முடிந்ததும் படகுக்கு ஓட வேண்டும். இரவு மணலில்தான் படுக்கை. யாழ்ப்பாணத்திலிருந்தும் நெடுந்தீவிலிருந்தும் வந்தவர்கள் பக்கத்துத் துண்டில் படுத்திருப்பார்கள். ஒரே தமிழ், ஆனால் வேறு மெட்டு. அந்தக் காலத்தில் இங்கிருந்து துணிமணி போகும், அங்கிருந்து தேங்காய் எண்ணெயும் சோப்பும் வரும், கல்யாணச் சம்பந்தம்கூடப் பேசி முடிப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சந்தை, சொந்தம், சாமி மூன்றும் ஒரே மணலில் நடந்திருக்கிறது. இப்போது எதை எடுத்துப் போகலாம் என்பதற்கெல்லாம் கட்டுப்பாடு வந்துவிட்டது.

அதற்கு விண்ணப்பம் முன்கூட்டியே கொடுக்க வேண்டும், அடையாளச் சான்றுகள் வேண்டும், படகு பதிவு செய்த படகாக இருக்க வேண்டும், கரையில் சோதனை உண்டு. எல்லாம் சரியாக இருந்தாலும் நடக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. 2024 பிப்ரவரியில் இலங்கையில் மீனவர்களுக்குச் சிறைத் தண்டனை விதித்ததைக் கண்டித்து ராமேஸ்வரம் மீனவர்கள் படகை எடுக்கவில்லை, இங்கிருந்து ஒருவரும் போகவில்லை. 2025இல் மார்ச் நடுவில் வந்தது. பரீட்சை நேரம், மாப்பிள்ளைக்குக் கணக்கு நேரம், அம்மா படகில் ஏறவே முடியாது. மூத்தவன் கல்லூரிக்குப் போனதும் நானே கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கைக்குழந்தை, வயதானவர், நடுக்கடலில் வாந்தி எடுப்பவர் யாரும் இல்லாத குடும்பம் என்றால், நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஓரியூரைப் பற்றி இரண்டு வரி போதும். இந்தப் பட்டியலில் தேதி மாறாத திருவிழா அது. பாதிரியார் அருளானந்தர் அங்கே தலை வெட்டப்பட்டது 1693 பிப்ரவரி 4. அந்த நாள் எப்போதும் அந்த நாள்தான். அவர் ரத்தம் பட்டுச் சிவந்தது என்று நம்பும் செம்மண்ணைப் பொட்டலம் கட்டி எடுத்துப் போவார்கள், எல்லாச் சாதி, மதத்துக்காரரும். ரயில் டிக்கெட் போட இதைவிட வசதி இல்லை. ஆனால் வேலை நாளில் விழுந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஆகாது. ராமநாதபுரம் அரண்மனை நவராத்திரியும் இப்படித்தான். சேதுபதி மன்னர்கள் காலத்திலிருந்து ராஜராஜேஸ்வரி அம்மனுக்கு நடக்கும் கொலுவும் மகர்நோன்பும் அழகுதான். உள்ளூர்க்காரன் சாயங்காலம் வேலை முடிந்து போய்வருவதற்கு ஏற்றது. அதற்காகச் சென்னையிலிருந்து வா என்று கூப்பிட மனம் வரவில்லை.

உத்திரகோசமங்கை வேறு கதை. அதை அடிக்க எனக்குக் கை வரவே இல்லை. கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ராமநாதபுரத்திலிருந்து அரைமணி நேரப் பேருந்து. 'மண் முந்தியோ மங்கை முந்தியோ' என்று கேட்கிற அளவுக்குப் பழைய ஊர், மாணிக்கவாசகர் ஊஞ்சல் பாட்டுப் பாடியது இந்த ஊர்ச் சாமிக்குத்தான். வேறெங்கும் சிவனுக்கு ஆகாது என்று ஒதுக்கும் தாழம்பூவை இங்கே சாத்துவார்கள். அங்கே இருக்கும் மரகத நடராஜர் வருடம் முழுக்கச் சந்தனத்துக்குள் இருப்பார். 'மத்தளம் முழங்க மரகதம் உடைபடும்' என்பார்கள். சத்தத்தின் அதிர்வுகூட அந்தக் கல்லுக்கு ஆகாதாம், அதற்குத்தான் காப்பு. மார்கழித் திருவாதிரைக்கு முதல் நாள் அந்தச் சந்தனத்தைக் களைவார்கள். அன்று பகலும் இரவும் பச்சைக் கல்லாகவே பார்க்கலாம். விதவிதமாக அபிஷேகம் நடக்கும். திருவாதிரை விடியலில் மறுபடி சந்தனம் சாத்தினால், அடுத்த மார்கழி வரைக்கும் அவ்வளவுதான்.

விளக்கு வெளிச்சத்தில் பால் வழியும்போது அந்தப் பச்சை எப்படி இருக்கும் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. கடல் ஆழம் கூடுகிற இடத்தில், படகின் நிழலுக்குள் ஒரு நிறம் தெரியுமே, கிட்டத்தட்ட அது. நான் ஐந்து தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் சில நொடிதான் நிற்க விட்டார்கள். அந்தச் சில நொடிக்குப் பனியில் ஆறு மணி நேரம் வரிசை. ராத்திரி இரண்டு மணிக்கு முன்னால் நிற்கும் பாட்டி திருவாசகம் பாட, பின்னால் நிற்பவர் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க, நடுவில் நாம் போர்வையைச் சுற்றிக்கொண்டு நிற்போம். சின்னவள் அரைமணியில் தூங்கிவிடுவாள், தூக்கிக்கொண்டு நிற்பது மாப்பிள்ளை பாடு.

தேதியும் தொல்லை. திருவாதிரை டிசம்பர் கடைசிக்கும் ஜனவரி நடுவுக்கும் இடையில் அலையும். 2023இல் டிசம்பர் 27, அடுத்தது 2025 ஜனவரி 13, போகியன்று. இடையில் 2024 காலண்டரில் ஆருத்ரா தரிசனம் என்கிற இந்தத் திருவாதிரையே கிடையாது! 2026இல் ஜனவரி 3. ஆனால் பஞ்சாங்கத்தில் முன்பே தெரிந்துவிடும் என்பதால் டிக்கெட் போடலாம். அரையாண்டு லீவில் விழுகிற வருடமாகப் பார்த்து, பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும் வரலாம். தனியாகவோ கணவன் மனைவி மட்டுமோ வருகிறவர்கள் வேறெதையும் யோசிக்காமல் இதற்கு வரட்டும். முதல் நாள் பகலிலேயே வந்துவிட வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வருகிறவர்களுக்குத்தான் அந்த ஆறு மணி நேர வரிசை.

முளைப்பாரியைச் சொல்லாமல் விட்டால் அம்மா கோபப்படுவாள். ஆடி, ஆவணியில் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் காப்புக் கட்டி, ஓட்டில் மண்ணும் எருவும் போட்டு நவதானியம் தெளித்து, வெயில் படாத வீட்டுக்குள் வளர்ப்பார்கள். ஒரு வாரம், பத்து நாள், ராத்திரிதோறும் பெண்கள் கும்மி. கடைசி நாள் பயிரைத் தலையில் சுமந்து ஊர்வலமாகப் போய்க் கண்மாயிலோ கடலிலோ கரைப்பார்கள். ராட்டினம் இருக்காது, வரிசையும் இருக்காது. அம்மா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடியே முழுத் திருவிழாவையும் பார்க்கலாம், பாட்டில் யார் தப்புவிட்டார்கள் என்றும் சொல்லலாம். எங்கள் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் தேதியை ஊர்க்கூட்டம் போட்டுத்தான் முடிவு செய்வார்கள், போன வருடம் கூட்டம் நடந்து பன்னிரண்டாம் நாள் காப்புக் கட்டினார்கள். 60 நாள் முன்பதிவுக்கும் இதற்கும் ஒத்தே வராது. சொந்த ஊரில் வீடும் ஆளும் இருந்து, ராத்திரி பஸ்ஸில் நின்றுகொண்டாவது வரத் தயாராக இருப்பவர்களுக்கு மட்டும்.

கடைசியில் என் விரல் வந்து நின்றது ஏர்வாடியில்.

சுல்தான் செய்யது இப்ராகிம் பாதுஷா நாயகம் அடங்கிய தர்கா. சந்தனம் சுமந்து வரும் அலங்காரக் கூடுதான் சந்தனக்கூடு; அந்தத் திருவிழா இஸ்லாமிய மாதமான துல்கஃதாவில் வரும். மாதம் பிறந்ததும் மவுலீது என்கிற புகழ்ப்பாட்டு ஓதத் தொடங்கி, கொடியேற்றி, இருபத்து மூன்றாம் நாள் விடியலில் சந்தனக்கூடு. அதற்கு ஒரு வாரம் கழித்துக் கொடியிறக்கமும் நெய்ச்சோறும். பிறைக் கணக்கு என்பதால் வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு வருடம் நல்ல மழையில் நனைந்துகொண்டே கூடு பார்த்த ஞாபகம் இருக்கிறது; 2025இல் அது மே மாதக் கோடையில் வந்தது. ஆக, இன்னும் ஓரிரு வருடத்துக்குப் பிள்ளைகளின் முழுப்பரீட்சை லீவுக்குள்ளேயே விழும். அதற்கப்புறம் ஏப்ரல் பரீட்சைக்குள் போய்விடும். இப்போது விட்டால் சின்னவள் இதை லீவில் பார்க்க ரொம்ப வருடம் ஆகும்.

இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். கடலில் இருக்க வேண்டிய ஆட்கள் எல்லாரும் பிள்ளை குட்டிகளோடு ஏர்வாடியில் இருப்பார்கள். அதனால் இந்த வருடங்களில் கடைத்தெரு களை கட்டுகிறது. வளையல், பொம்மை, அல்வா, பேரீச்சம்பழம், கருப்பட்டி, கீழக்கரைத் தொதல், நுங்கு வண்டி, பெரிய ராட்டினம், சின்ன ராட்டினம், மரணக் கிணறு. ஆனால் நல்ல மீன் சாப்பிடலாம் என்று நினைத்து வராதீர்கள். நாட்டுப்படகு மீன் மட்டும்தான் கிடைக்கும், விலையைக் கேட்டால் சாம்பாரே போதும் என்று தோன்றும்.

கூடு வருகிற ராத்திரி மாவட்டமே தூங்காது. மறுநாள் உள்ளூர் விடுமுறை. மின்விளக்கு மின்ன உயரமாக அசைந்து வரும் கூட்டுக்கு முன்னால் யானை, குதிரை, தப்ஸ், வாணவேடிக்கை. விடியலில் தர்காவுக்கு வந்து சேர்ந்ததும் சந்தனம் பூசுவார்கள். இங்கே வரிசை கிடையாது என்பதுதான் எனக்குப் பெரிய விசயம். நாம் ஓரிடத்தில் பாய் விரித்து உட்காரலாம், திருவிழா நம்மைத் தேடி வரும். சின்னவள் தூங்கினாலும் பாயில் தூங்கலாம். எனக்கு ஐந்து வயதில் விடாத காய்ச்சல் வந்தபோது அம்மா நேர்ந்துகொண்டது ஏர்வாடிக்குத்தான். பச்சைப் போர்வை வாங்கிப் போர்த்தினாளாம். இந்தப் பக்கத்தில் பாதி இந்து வீட்டில் இப்படி ஒரு காய்ச்சல் கதை இருக்கும்.

குறையும் சொல்ல வேண்டும். மே மாத வெயில், நிழல் குறைவு, தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டுபோக வேண்டும். பர்ஸை முன் பையில் வைத்துக்கொள்வது நல்லது. மனநலம் சரியில்லாதவர்களைக் குணமாக வேண்டி அங்கே கூட்டிவந்து தங்க வைத்திருப்பார்கள். பிள்ளைகள் பார்த்தால் கேட்பார்கள். 2001 ஆகஸ்டில் அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் இறந்துபோனார்கள். நாடே அதிர்ந்தது, அனுமதியில்லாத காப்பகங்களை மூடினார்கள். மூத்தவனுக்கு இதைச் சொல்லலாம், ஒன்பதாம் வகுப்பில் புரியும். சின்னவளுக்கு, அவர்களுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னால் போதும்.

தங்கச்சியிடம் இப்படித்தான் சொன்னேன்: கூட்டுக்கு முதல் நாள் காலையில் ராமநாதபுரத்தில் இறங்கு. அன்று மதியத்துக்கு முன்பே அம்மாவைக் கூட்டிக்கொண்டு தர்காவுக்குள் போய் வந்துவிடுவோம், அப்போது நெரிசல் இருக்காது. ராத்திரி பாய், ஃபிளாஸ்க், புளிச்சோறு. விடியலில் சந்தனம் பூசியதும் வீட்டுக்கு வந்து தூக்கம். மூன்றாம் நாள் திருப்புல்லாணிப் பாயசம், சேதுக்கரைக் கடல், ராத்திரி ரயில்.

"எந்தத் தேதிண்ணே?" என்றாள்.

அங்கேதான் சிக்கல். பிறை தெரிந்தால்தான் மாதம் பிறக்கும், கூட்டுக்கு 22 நாள் முன்னால்தான் உறுதியாகத் தெரியும். ஒரு நாள் முன்பின்னாகலாம். இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

"சரிண்ணே. ரெண்டு நாளுக்கும் டிக்கெட் போட்டு வைக்கிறேன். நீங்க பிறை பார்த்ததும் போன் போடுங்க, ஒண்ணைக் கேன்சல் பண்ணிக்கலாம். அம்மாகிட்ட மட்டும் இப்பவே சொல்லிராதீங்க, தினமும் மாடிக்கு ஏறி வானத்தைப் பாக்க ஆரம்பிச்சிரும்."